ஐம்பத்தெட்டு வயது ஏலவார்குழலியின் நாற்காலி

"என் பணத்த எனக்குக் குடுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அந்த ஆபீஸில் சொல்லிவிடாதே என்று கலீம் பாய் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். என் தோழி நஸ்னீனின் அண்ணன். "ஃபாரம் வாங்க வந்தேன்னு சொல்லு. சந்தேகம் கேக்க வந்தேன்னு சொல்லு. ஒண்ணுமே தோணலியா, ஃபேன் காத்து வாங்க வந்தேன்னு சொல்லு. என் பணம்னு மட்டும் வாயத் தொறக்காதம்மா. அவங்களுக்கு அது கெட்ட வார்த்தை."

கவுன்ட்டருக்குப் போய் நான் முதலில் சொன்னதே அதுதான்.

கவுன்ட்டரில் இருந்த நீலாம்பாள் மேடம் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். எனக்குப் பின்னால் எதையோ பார்த்து, "மன்னிச்சிக்கோங்கம்மா, சின்னப் பொண்ணு, தெரியாம பேசுது" என்றார். திரும்பிப் பார்த்தேன். சிவப்பு மெத்தை வைத்த பெரிய நாற்காலி ஒன்று சுவரோரமாக இருந்தது. மெத்தையின் மேல் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதில் யாரும் இல்லை.

அந்த ஆபீஸின் முழுப்பெயர் வருங்கால முதுமை நல வாரியம். ஊரில் முதுமை ஆபீஸ் என்பார்கள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மேல்மாடி. சம்பளம் வாங்குகிறவர்களிடம் மாதாமாதம் ஒரு பங்கைப் பிடித்து, கம்பெனியிடம் இன்னொரு பங்கை வாங்கி, வட்டி போட்டு வளர்த்து, ஐம்பத்தெட்டு வயதில் கையில் கொடுப்பது அதன் வேலை. அதற்கு முன்னால் யாராவது கேட்டால் வருத்தப்படுவதும் அதன் வேலைதான். இரண்டாவது வேலைக்குத்தான் ஆட்கள் அதிகம்.

நான் ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையம். பி.காம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் எங்கள் தெருவுக்கே ஃபாரம் நிரப்பித் தருகிற ஆளும் நான்தான். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஃபேக்டரியில் ஐந்து வருடம் ஒரு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். ஜூலையில் விட்டேன். வேலையை விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தால்தான் முழுப் பணமும் எடுக்கலாம் என்பது வாரியத்தின் விதி. சும்மா இருந்தேன். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். அன்று திங்கட்கிழமை.

கண்காணிப்பாளர் கலியாணசுந்தரம் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். நெற்றி நிறைய விபூதி. பேச்சில் அவசரமே இல்லை.

"உக்காரும்மா. அந்த நாற்காலி இல்ல, இந்த ஸ்டூல்ல."

"அதுல யாரு சார் உக்காருவாங்க?"

"உறுப்பினர்."

"நான்தான சார் உறுப்பினர்?"

"இங்கதாம்மா எல்லாரும் தப்பு பண்றீங்க." அவர் சிரித்தார். "நீ வெறும் செலுத்துபவர். உறுப்பினர் யாருன்னா, ஐம்பத்தெட்டு வயசு ஏலவார்குழலி அம்மா. அவங்களுக்கு முட்டி வலி இருக்கும். சர்க்கரை இருக்கும். மருமக சோறு போட மாட்டா. அவங்கள நம்பி யாரு இருக்காங்க? இந்த வாரியம் இருக்குது. இப்ப நீ வந்து அவங்க பணத்த எடுக்கணும்ன்ற. பக்கத்து வீட்டு அம்மாவோட சுருக்குப்பையில கை வுடுவியா நீ?"

"அந்தம்மா நான்தான சார்?"

"எல்லாத் திருட்டும் அப்டித்தாம்மா ஆரம்பிக்குது. நம்ம சொந்தக்காரங்கதான, எடுத்தா இன்னான்னு."

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அதற்குள் ஒரு மருமகளையும் வைத்துவிட்டார், அவளைச் சோறு போடாதவளாகவும் ஆக்கிவிட்டார்.

"எதுக்குப் பணம்?" என்றார்.

"படிக்க."

"யாரு படிக்க?"

"நான்."

மேஜையில் இருந்த தடித்த விதிப்புத்தகத்தை எடுத்தார். நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். நிஜமாகவே எனக்கு உதவி செய்ய நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"நோய் இருக்குதா?"

"இல்ல சார்."

"வீடு கட்டுறியா?"

"இல்ல."

"கல்யாணம்னா குடுக்கலாம். உன் கல்யாணம், தம்பி கல்யாணம், தங்கச்சி கல்யாணம், எதுவானாலும். படிப்புன்னா, உறுப்பினரோட பிள்ளைங்க படிப்புன்னுதான் போட்டுருக்குது." புத்தகத்தை மூடினார். "சட்டம் ஒண்ணும் படிப்புக்கு எதிரி இல்லம்மா. நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கோ, அதுக்கு ஒரு பாதி தருவோம். ஒரு பிள்ளை பெத்துக்கோ, அது வளந்து காலேஜ் போகட்டும், அதுக்கு ஒரு பாதி தருவோம். எல்லாத்துக்கும் வழி இருக்குது. நீ படிக்கிறதுக்குத்தான் இடம் இல்ல."

வெளியே வந்தபோது நீலாம்பாள் மேடம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து ரகசியமாகச் சொன்னார். "கல்யாணம்னே எழுதிடும்மா. எல்லாரும் அதான் பண்றாங்க. கலீம் கடையில பத்திரிகை கிடைக்கும்."

கலீம் பாய் கடையில் பத்திரிகை உண்மையிலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தார். திருப்புட்குழி கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை பெயர் அருள், பி.இ. மணமகள் பெயர் மட்டும் காலியாக இருந்தது.

"யாரு பாய் இந்த அருள்?"

"யாரும் இல்லம்மா. நானா வச்ச பேரு. நல்ல பையன். இந்த மாசம் மட்டும் அவனுக்கு ஏழு கல்யாணம். மேல இருக்குற சாருக்கும் தெரியும். போன வாரம் கேட்டாரு, இன்னா கலீம், மாப்ள மொகம் வாடிப்போயிருக்குதேன்னு."

"ஃபைல்ல பொய்னு தெரிஞ்சே குடுக்குறாங்களா?"

"உண்மையா கேட்டா விதி இல்லன்றாங்க. பொய்யா கேட்டா விதி இருக்குதுன்றாங்க. அவங்க இன்னா பண்ணுவாங்க பாவம்." பிரிண்டரில் கை வைத்தார். "அடிக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். சட்டம் படிக்கப் போகிறவள் பொய்க் கல்யாணத்தில் கட்டணம் கட்டுவது நன்றாக இல்லை என்று தோன்றியது. அப்போது எனக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

ஆபீஸுக்குக் கீழே பட்டுக்கடை வாசலில் ஆட்களைக் கூப்பிட நிற்கிறவர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, முகூர்த்தப் புடவை மாடல் பாருங்க" என்றார். மேலே கல்யாணப் பணம் வாங்கிக்கொண்டு படி இறங்கினால் கால் தானாகக் கடைக்குள்தான் போகும். கட்டடத்தையே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுப் பணமும் எடுக்கும் ஃபாரத்தோடு போனேன். இதற்குக் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை; திங்கட்கிழமை அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கலியாணசுந்தரம் சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை செஞ்சிருந்தா வரியே கிடையாதும்மா. நீ செய்யலியே."

"அஞ்சு வருஷம் ஒரு மாசம் சார்."

"எங்க? ஸ்ரீ ஆனந்தா மேன்பவர், ரெண்டாயிரத்து இருபது ஜூலை ஒண்ணுல இருந்து இருபத்தி நாலு பிப்ரவரி இருபத்தெட்டு வரைக்கும். அதோட முடிஞ்சுது. அப்புறம் நியூ ஸ்ரீ ஆனந்தா மேன்பவர், இருபத்தி நாலு மார்ச் ஒண்ணுல இருந்து. ரெண்டும் தனித்தனிக் கணக்கு. நடுவுல அறுந்துருக்குது."

"பிப்ரவரி முடிஞ்சா மார்ச்தான சார்? எங்க அறுந்துது?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். நான் விரல் விட்டு எண்ணினேன். பிறகுதான் புரிந்தது. அந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள்.

எனக்குச் சம்பளம் கொடுத்தது ஃபேக்டரி இல்லை, ஆனந்தகுமார் என்கிற கான்ட்ராக்டர். அவர் தன் கம்பெனியின் பெயரை மாற்றியபோது பழைய கம்பெனியை இருபத்தெட்டாம் தேதியோடு முடித்து, புதியதை ஒன்றாம் தேதியில் தொடங்கியிருக்கிறார். நடுவில் ஒரு நாள் யாருடையதும் இல்லாமல் கிடந்தது. அந்த ஒரு நாளால் நான் ஐந்து வருடம் வேலை செய்யாதவள் ஆகிவிட்டேன்.

"அதனால பத்துல ஒரு பங்கு வரி பிடிச்சுட்டுத்தான் குடுப்போம்" என்றார். "அப்புறம் இத உன் பேருல வரி ஆபீஸுக்கு எழுதுவோம். ஒரே தொகையா எழுத முடியாது. நீ நெசவுக் குடும்பம்தான? உனக்குச் சுலபமா புரியும். ஒரு சேலையில உடல் வேற, கரை வேற, முந்தி வேற. தனித்தனியா நெய்து கோத்துதான் சேலை. அது மாதிரி உன் பணம் நாலு. உன் பங்கு, கம்பெனி பங்கு, உன் பங்குக்கு வட்டி, கம்பெனி பங்குக்கு வட்டி. கம்பெனி பங்கும் அதோட வட்டியும் இந்த வருஷம் உனக்கு வந்த சம்பளம்."

"நான்தான் ஜூலையிலயே வேலைய விட்டுட்டேனே சார்."

"வேலை இல்லாதவங்களுக்கு வர்ற சம்பளம் அது. உன் பங்குக்கு வந்த வட்டி, இதர வருமானம். உன் பங்கு இருக்குது பாரு, அதுக்கு நீ வருஷா வருஷம் வரிச் சலுகை வாங்கியிருந்தா, அந்தந்த வருஷத்துக்குத் திரும்பிப் போயி அத வாபஸ் வாங்கணும்."

"என் சம்பளத்துக்கு வரியே கிடையாது சார். சலுகை எங்க வாங்குறது?"

"அப்ப வாங்கலன்னு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சான்று குடு."

என்னிடமும் ஒரு ஆயுதம் இருந்தது. ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தேன். பையிலிருந்து பதினைந்து ஜி ஃபாரத்தை எடுத்து வைத்தேன். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் இதைக் கொடுத்தால் வரி பிடிக்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறது.

அவர் ஃபாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இங்க எனக்கு வருமானம் இல்லன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"கீழ, இந்தத் தொகை எனக்கு வரப்போற வருமானம்னு எழுதியிருக்க."

"ஃபாரத்துல அப்டித்தான சார் கேட்டுருக்குது?"

"ஒரே பக்கத்துல இல்லன்ற, இருக்குதுன்ற. இது முரண்பாடு. இத நான் எப்டி வாங்குவேன்?" என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார். "பயப்படாதம்மா. பிடிச்ச வரி எங்கயும் போகாது. வரி இல்லாத நீ முதல்ல வரி கட்டுற. அப்புறம் வரி இல்லன்னு தாக்கல் பண்ற. அவங்க பாத்து, ஆமா இல்லன்னு திருப்பித் தருவாங்க. சட்டம் யாரையும் ஏமாத்தாது. கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும், அவ்ளோதான்."

"தப்பு என்னுது இல்லியே சார். தேதி போட்டது அவரு."

"நம்ம கைல இல்லாத காரணத்தால வேலை அறுந்தா வரி இல்லன்னு ஒரு விதி இருக்குது. ஆனா நீ காரணம் எழுதணும்."

அந்தக் கட்டத்தில் நான் எழுதினேன்: பூமி சூரியனைச் சுற்றிவர முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் எடுத்துக்கொண்டது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். சிரிக்கவில்லை. "இதுக்கு ஆதாரம் இணைக்கல" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்தால், பழைய நூலின் நுனியோடு புதுப்பாவின் நூலை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிடுவாள். முடிச்சுத் தெரியாது. பழைய பாவு எங்கே முடிந்தது, புதுசு எங்கே தொடங்கியது என்று நெய்கிறவருக்கே தெரியாது. கேட்டுவிட்டு, "ஒரு இழைதானடி அறுந்துருக்குது? பிணைச்சுட்டுப் போறதுக்கு இன்னா?" என்றாள்.

புதன்கிழமை அதையே எழுத்தில் கேட்டேன். இரண்டு கணக்கையும் இணைக்க ஒரு மனு. டோக்கன் நாற்பத்தாறு. என் முறை வருவதற்குள் ஒரு மணி அடித்தது. வாட்ச்மேன் வந்து படிக்கட்டில் இருந்த இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். நாங்கள் இருபது பேர் உள்ளே.

"சாப்பாட்டு நேரம்" என்றார் நீலாம்பாள் மேடம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

"அதுக்கு எங்கள ஏன் மேடம் பூட்டுறீங்க?"

"வெளிய போனீங்கன்னா டோக்கன் தொடர்ச்சி அறுந்துடும்மா. மறுபடியும் முதல்ல இருந்து வரணும். உங்க நன்மைக்குத்தான்."

ஒரு பெரியவர் மெதுவாகச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கம்பி வழியாகக் காந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே டூரிஸ்ட் வேன்கள் வந்தன, போயின. கலீம் பாய் தன் கடையிலிருந்து என்னைப் பார்த்து, டீ வேண்டுமா என்று கையால் கேட்டார். கம்பிக்குள் டம்ளர் நுழையாது என்று நானும் கையாலேயே சொன்னேன். உள்ளே சிவப்பு நாற்காலிக்கு நேர் மேலே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மேலே இருந்தது ஓடவில்லை.

மூன்று மணிக்கு கலியாணசுந்தரம் சார் மனுவைப் படித்தார்.

"பிணைக்கலாம்மா. எங்க வீட்லயும் தறி இருந்துது, எனக்குத் தெரியாதா? ஆனா பிணைக்கறதுக்கு இழை வேணும். பிப்ரவரி இருபத்தொம்பது நீ வேலை செஞ்சேன்னு கான்ட்ராக்டர் ஒரு வரி எழுதித் தரட்டும். நான் இங்கயே உக்காந்து பிணைச்சுத் தர்றேன்."

வியாழக்கிழமை ஒரகடம் போனேன். ஆனந்தகுமாரின் ஆபீஸ் அதே கட்டடம், அதே மேஜை. போர்டில் ஸ்ரீ ஆனந்தாவுக்கு முன்னால் நெருக்கி, வேறு நிறத்தில் 'நியூ' என்று எழுதியிருந்தது. அவர் எழுந்து நின்று என்னை வரவேற்றார்.

"வா குழலி! வக்கீலம்மா ஆகப்போறியாமே. நஸ்னீன் சொல்லுச்சு."

நஸ்னீன் இன்னும் அங்கேதான் லைனில் நிற்கிறாள். அவள் முந்தின நாளே என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அதை அவருக்குக் காட்டினேன். ஃபேக்டரிக் கூடம். பின்னால் பெரிய பேனர்: ஒரு தவறும் இல்லாத நாள், 29.02.2024. அன்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்து சாதனை செய்தோம். அதற்கு ஒரு கேக். போட்டோவில் நான் நீல யூனிஃபார்மில் நிற்கிறேன். என் வாயில் கேக் ஊட்டுகிற கை ஆனந்தகுமாருடையது.

அவர் போட்டோவைப் பெரிதாக்கி ரசித்தார். "அப்ப ஒல்லியா இருந்தேன் பாரு."

"சார், நான் அன்னிக்கு வேலை செஞ்சேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"கேக் சாப்ட்டேன்னுதான இதுல இருக்குது? வேலை செஞ்சேன்னு எங்க இருக்குது?"

"அன்னிக்குச் சம்பளம் குடுத்தீங்க சார்."

"சம்பளம் இல்லம்மா. ஸ்லிப்ப நல்லாப் பாரு. நல்லெண்ணத் தொகைன்னு போட்டுருப்பேன்." குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் மாதிரியே பேசவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற அப்பா மாதிரி பேசினார். "நீ படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்றதுக்கு இன்னா. அஞ்சு வருஷம் தாண்டினா நீங்க எல்லாம் உரிமைன்னு ஆரம்பிப்பீங்க. பணிக்கொடைன்னு கேப்பீங்க. அதனால நாலு வருஷத்துல ஒரு தடவ நான் பேர மாத்திக்குவேன். நாள் கிடைக்குமான்னு தேடிக்கினே இருந்தேன். காலண்டரே ஒரு நாள் எக்ஸ்ட்ராவா குடுத்துச்சு. நான் யாரையும் வேலைய வுட்டு நிறுத்தினேனா? ஒரு நாள் கஞ்சி இல்லாம பண்ணேனா? கேக்கே குடுத்தேன். இப்ப அன்னிக்கு வேலை நடந்துச்சுன்னு எழுதுனா, உனக்கு மட்டுமா எழுதுற மாதிரி இருக்கும்? முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்கம்மா அந்தச் சம்பள ரோல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை. கால் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் போவதற்கு முன்பே எனக்காக ஒரு ஃபாரம் தயாராக இருந்தது. ஆனந்தகுமார் போனில் பேசியிருக்கிறார். கலியாணசுந்தரம் சார் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வரவழைத்தார். ஐந்து நாளில் முதல் டீ.

"உனக்காக நானே டைப் பண்ணேம்மா. சிஸ்டத்துல எல்லாம் ரெடி. கையெழுத்து போட்டதும் ஒரு பட்டன். நாலரைக்கு உன் அக்கவுன்ட்ல பணம். அஞ்சுக்குள்ள நீ ஃபீஸ் கட்டிடலாம். வரி போகத்தான், ஆனாலும் ஃபீஸுக்குப் பத்தும். பஸ் பாஸுக்குக்கூட மிஞ்சும்."

ஃபாரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 29.02.2024 அன்று நான் எந்த வேலையும் செய்யவில்லை. அன்று என் சொந்த விருப்பத்தின் பேரில் பணித் தொடர்ச்சியைத் துண்டித்துக்கொண்டேன். ஐந்து ஆண்டு நிறைவடையாததால் வரிப் பிடித்தத்துக்கும், இத்தொகையை என் வருமானமாகத் தெரிவிப்பதற்கும் முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

"நான் அன்னிக்கு வேலை செஞ்சேன் சார்."

"செஞ்சிருக்கலாம். நான் செய்யலன்னா சொன்னேன்? செய்யலன்னு நீ சொல்லணும்னு சொல்றேன்." அவர் முன்னால் குனிந்தார். "இங்க பாரும்மா. அந்த நாள் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா நான் முந்நூத்திப் பன்னெண்டு ஃபைலத் தொறக்கணும். கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் போகணும், அபராதம் போடணும், மேல இருந்து என்னக் கேப்பாங்க, இத்தினி நாள் இன்னாய்யா பண்ணினுருந்தன்னு. இல்லன்னு ஒத்துக்கிட்டா ஒரே ஒரு ஃபைல மூடலாம். எது சுலபம், நீயே சொல்லு."

"மத்தவங்க கேட்டா?"

"அதான் சொல்ல வந்தேன். நீதான் முதல் ஆளு. அந்த ரோல்ல இருந்து இதுவரைக்கும் யாரும் வரல. உன் கையெழுத்து விழுந்துடுச்சுன்னா அதையே மாதிரியா வச்சுக்குவோம். பின்னாடி வர்றவங்களுக்கு எவ்ளோ சுலபம் பாரு. அவங்க உன்ன வாழ்த்துவாங்க."

மணி மூன்றே முக்கால். போனில் நஸ்னீனின் குறுஞ்செய்தி வந்திருந்தது. ஃபாரத்தைப் படித்ததுமே அவளுக்கு எல்லாம் எழுதி அனுப்பியிருந்தேன். "போட்டுட்டு காலேஜுக்கு ஓடுடி. எங்களப் பத்தி யோசிக்காத. நாங்க எப்டியும் இங்கதான் நின்னுக்கினு இருப்போம்."

பேனாவை எடுத்தேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேன். மூடியையும் கழற்றினேன். என் பெயருக்கு நேராக வைக்கப்போன இடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று, செலுத்துபவரின் கையெழுத்து. இரண்டாவது, ஐம்பத்தெட்டு வயது உறுப்பினரின் சம்மதக் கையெழுத்து.

"இது யாரு சார் போடணும்?"

"அவங்க சார்பா நீயே போட்டுடும்மா. கொஞ்சம் நடுக்கமா போடு. எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுன்னு ஆடிட்ல கேக்குறாங்க."

"அவங்க சம்மதிச்சாங்களான்னு எப்டி சார் தெரியும்?"

"அவங்க எங்கம்மா வந்து சொல்லப் போறாங்க?"

"ஒரு நிமிஷம் சார். கேட்டுட்டு வரேன்."

எழுந்துபோய் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை பெரிதாகச் சத்தம் போட்டது. நீலாம்பாள் மேடம், "ஐயோ, அதுல உக்காரக் கூடாதும்மா!" என்று பதறி எழுந்தார். டோக்கனோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். மேலே ஃபேன் காற்று நன்றாக வந்தது. ஐந்து நாளாக இந்தம்மாவுக்கு மட்டும்தான் இந்த ஆபீஸில் காற்று.

முப்பத்திரண்டு வருடம் தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். கலியாணசுந்தரம் சார் சொன்ன மாதிரி இல்லை. மருமகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முட்டி வலி இருந்தது, அது லைனில் நின்ற கால், இருக்கத்தான் செய்யும். என்னைத் திருடி மாதிரியும் பார்க்கவில்லை. அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அன்னிக்கு நான் எங்கடி இருந்தேன்?

கண்ணைத் திறந்தேன். மணி மூன்று ஐம்பத்திரண்டு. எந்த பஸ் பிடித்தால் ஐந்துக்குள் கல்லூரிக்குப் போகலாம் என்று அதுவரைக்கும் மனசு ஓர் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்தக் கணக்கை நிறுத்தினேன்.

மேஜைக்குப் போய் பேனாவை மூடி வைத்தேன். ஃபாரத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கேட்டுட்டேன் சார். அவங்க சம்மதிக்கல."

கலியாணசுந்தரம் சாருக்கு முதல் தடவையாக அவசரம் வந்தது. "யாரும்மா சம்மதிக்கல? இன்னா வெளையாட்டு இது? ஃபாரத்தக் குடு. அது ஆபீஸ் பேப்பர்!"

"என் பேரு போட்டுருக்குது சார். நீங்க டைப் பண்ண தேதியும் இருக்குது. இருபத்தொம்பதாம் தேதியும் இருக்குது. இந்த ஆபீஸே அந்தத் தேதிய எழுதுன பேப்பர் இது ஒண்ணுதான்."

"ஃபீஸ் இன்னாவறது? சீட்டு போயிடுமேம்மா!"

"அடுத்த வருஷமும் காலேஜ் இருக்கும் சார். நீங்கதான சொன்னீங்க, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும், அவ்ளோதான்னு."

இரும்புக் கதவு திறந்துதான் இருந்தது. படி இறங்கினேன். நீலாம்பாள் மேடம் மேலிருந்து கத்தினார். "டோக்கன்மா! டோக்கனக் குடுத்துட்டுப் போ! இல்லன்னா தொடர்ச்சி அறுந்துடும்!"

கீழே முகூர்த்தப் புடவைக்காரர் வழிவிட்டு நின்றார். எதிரே கலீம் பாய் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனை காப்பி என்று கையால் கேட்டார். படியிலேயே அதை முடிவு செய்திருந்தேன். அம்மா ஒரே நாளில் நாலாயிரம் இழை பிணைப்பாள். எனக்கு அந்த ரோலில் இருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்தான். ரோட்டைக் கடந்தேன்.